பொரியாத முட்டையை உடைத்துப் பார்

அன்புள்ள தம்பிக்கு,

60 முட்டை வைத்து 22 குஞ்சுதான் வந்தது என்று எழுதியிருக்கிறாய். அடுத்த வரியிலேயே, வெப்பத்தை அரை டிகிரி கூட்டட்டுமா என்று கேட்கிறாய். இன்குபேட்டரில் கை வைக்காதே. மீதி 38 முட்டையை என்ன செய்தாய்? குழி தோண்டிப் புதைத்திருப்பாய். உனக்கு வேண்டிய பதிலெல்லாம் அந்தக் குழிக்குள் போய்விட்டது.

இனி பொரியாத முட்டை ஒவ்வொன்றையும் மொட்டைப் பக்கமாக உடைத்துப் பார். நாறத்தான் செய்யும், வெளியில் வைத்து, மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு உடை. எந்தக் கட்டத்தில் கரு நின்றது என்று எழுதி வை. பெரும்பாலான சாவு முதல் நாலைந்து நாளிலும் கடைசி மூன்று நாளிலும்தான் விழும். இரண்டுக்கும் காரணம் வேறு.

ஏழாம் நாள் டார்ச் அடித்துப் பார்த்து, நரம்பு தெரியாததையெல்லாம் கூமுட்டை என்று ஒதுக்கிச் சேவல் மேல் பழி போடுகிறோம். உடைத்தால் பல முட்டையில் மெல்லிய ரத்த வளையம் இருக்கும். அந்தச் சேவல் தன் வேலையைச் செய்துவிட்டது. கரு பிடித்துப் பிறகு செத்திருக்கிறது. என் சந்தேகம் நீ முட்டை சேர்த்த இடத்தின் மேல்தான். ஏறத்தாழ 21 டிகிரியைத் தாண்டினாலே கரு மெல்ல வளரத் தொடங்கும். சித்திரை மாதத்து ஓட்டு வீட்டில் பகல் 36 டிகிரி. அடைக்கு வைக்கும் முன்பே அரைகுறையாக வளர்ந்து, வலுவிழந்து, முதல் இரண்டு மூன்று நாளில் போய்விடுகிறது. 15 முதல் 18 டிகிரியில் ஒரு வாரம் தாங்கும் முட்டை, இந்த வெக்கையில் நாலு நாள் தாங்குவதே அதிகம். ஈரமணலில் பதித்த பானை கொஞ்சம் உதவும். ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டு அளவுக்கு மீறிய குளிர், வேண்டாம்.

கடைசி நாளில் செத்தது வேறு கதை. முழுக் குஞ்சாகி, ஓட்டுக்குள் கொழகொழவென்று ஈரத்தில் கிடந்தால், காற்றறையும் சிறுத்திருந்தால், ஈரம் கூடிவிட்டது. நம் ஆட்கள் முதல் நாளே கிண்ணம் கிண்ணமாகத் தண்ணீர் வைத்துவிடுகிறார்கள். முட்டை தன் எடையில் 11 முதல் 13 சதவீதத்தை 18ஆம் நாளுக்குள் இழந்தாக வேண்டும். ஒற்றை முட்டையை நிறுத்தால் சமையலறைத் தராசு ஏமாற்றும். பத்தைச் சேர்த்து நிறு. 450 கிராமில் தொடங்கியது 390, 400க்கு வந்திருக்க வேண்டும். வராவிட்டால் தண்ணீரைக் குறை. 18ஆம் நாளுக்குப் பிறகு ஈரத்தை 65, 70 சதவீதத்துக்கு ஏற்றி, திருப்புவதை நிறுத்தி, மூடியைத் தொடாமல் இரு. எட்டிப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் ஈரம் போய், ஓட்டைக் கொத்திக்கொண்டிருக்கும் குஞ்சின் மேல் சவ்வு காய்ந்து இறுகும்.

வெப்பம் சரியா என்பதைப் பொரிக்கும் நாளே சொல்லிவிடும்: 20ஆம் நாளே கூட்டமாக வந்தால் சூடு அதிகம், 22 தாண்டி இழுத்தால் குறைவு. ஃபேன் உள்ள பெட்டிக்கு 37.5. ஃபேன் இல்லாத தெர்மோகோல் பெட்டியில் மேலே ஒரு சூடு, கீழே ஒரு சூடு. அதில் முட்டையின் மேல்மட்டத்தில் 38.5 வாக்கில் காட்ட வேண்டும். தெர்மாமீட்டரைக் காய்ச்சல் பார்க்கும் கருவியோடு சேர்த்து வெதுவெதுப்பான நீரில் வைத்து ஒப்பிட்டுக்கொள். மலிவு விலை மீட்டர்களை நான் நம்புவதில்லை.

உடைத்தவற்றில் பாதிக்கு மேல் உண்மையிலேயே கரு பிடிக்காதவை என்றால் மட்டும் சேவலைப் பார். எட்டுப் பத்துக் கோழிக்கு ஒன்று போதும், ஆனால் கிழடோ கொழுத்ததோ ஆகாது.

கத்திரி வெயில் முடியும்வரை முட்டை சேர்க்க வேண்டாம். அடைக்கோழி ஏதாவது இருந்தால் அதன் கீழ் பத்து வைத்துக்கொள், அவ்வளவுதான்.

அன்புடன்,
அண்ணன்