வலிப்பைச் சாவி நிறுத்தவில்லை

சளிக்காய்ச்சல் பரவும் மாதங்களில், குழந்தைகளுக்கான நரம்பியல் பிரிவில் இதைக் கேட்காமல் எனக்கு ஒரு நாள்கூடக் கழிவதில்லை: "காய்ச்சல் மூளைக்கு ஏறிடுச்சு டாக்டர். இரும்புச் சாவியைக் கையில வெச்சதும்தான் நின்னுச்சு. இனிமே புள்ளைக்குப் படிப்பு வருமா?"

காய்ச்சல் எங்கேயும் ஏறுவதில்லை. இன்ஃப்ளூயன்சா போன்ற வைரஸ் மூக்கையும் தொண்டையையும் பிடித்து உடம்பு சுடும்போது, ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள சில குழந்தைகளுக்கு மூளையின் மின்னோட்டம் சிறிது நேரம் தடுமாறுகிறது. வைரஸ் மூளைக்குள் புகுந்துவிட்டது என்று அதற்குப் பொருளில்லை. விசாரித்தால், பல வீடுகளில் அப்பாவுக்கோ அத்தைக்கோ சிறுவயதில் இதே வலிப்பு வந்திருக்கும்.

இந்த வலிப்பு பெரும்பாலும் ஓரிரு நிமிடங்களில் தானாகவே அடங்கிவிடும். பதறிப்போய்ச் சாவியைத் தேடி எடுத்து வருவதற்கும் அதே நேரம்தான் ஆகிறது. நல்ல பெயர் மட்டும் சாவிக்கு!

சாவியோடு விட்டாலும் பரவாயில்லை. பல்லிடுக்கில் கரண்டியை நுழைக்கிறார்கள், மூக்கில் வெங்காயச் சாறு விடுகிறார்கள், வாயில் எலுமிச்சையைப் பிழிகிறார்கள். நினைவில்லாத குழந்தையால் எப்படி விழுங்க முடியும்? ஊற்றியது நுரையீரலுக்குப் போகும். எத்தனை தடவை சொல்வது? பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் 108-ஐ அழையுங்கள். நின்றுவிட்டாலும் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். கழுத்து விறைத்தாலோ, எழுப்பியும் பிள்ளை தெளியாவிட்டாலோ ஒரு நிமிடம்கூட வீட்டில் வைத்திருக்கக் கூடாது. அது மூளைக்காய்ச்சலாக இருக்கலாம்.

படிப்பு வரும். அமெரிக்காவில் நெல்சன், எல்லென்பெர்க் என்ற இரு ஆய்வாளர்கள், காய்ச்சல் வலிப்பு வந்த 1,706 குழந்தைகளை ஏழு வயதுவரை கவனித்தார்கள். வலிப்பு வந்த பிள்ளையையும் வராத உடன்பிறப்பையும் அருகருகே வைத்து 1978-இல் ஒப்பிட்டபோது, அறிவுத்திறனில் வேறுபாடு இல்லை.

காய்ச்சல் மருந்தை விடாமல் கொடுத்தால் வலிப்பு வராது என்பதும் தவறு. பாராசிட்டமால் உடல்வலியைத் தணிக்கும், வலிப்பைத் தடுக்காது. பெரியவர்களுக்கு வாங்கிய ஆஸ்பிரினை மட்டும் பிள்ளைக்குக் கொடுத்துவிடாதீர்கள்; வைரஸ் காய்ச்சலில் அது ஈரலையும் மூளையையும் சேர்த்துத் தாக்கும் ரெய் நோயை வரவழைக்கலாம். ஒருமுறை வந்தால் ஆயுளுக்கும் காக்காய் வலிப்பு என்பதும் பொய். மூன்றில் ஒரு குழந்தைக்கு அடுத்த காய்ச்சலில் திரும்ப வரலாம். பள்ளி வயதில் பெரும்பாலும் நின்றுவிடும்.

இத்தனை பயத்தையும் தட்டம்மை மேல் வையுங்கள். அதுவும் மூச்சுக்காற்றில் பரவும் வைரஸ்தான். அரிதாகச் சில பிள்ளைகளின் மூளையில் ஆண்டுக்கணக்கில் பதுங்கியிருந்து வெளிப்படுகிறது. நன்றாகப் படித்த பிள்ளை பின்தங்கும், கையில் பிடித்தது நழுவும், உடம்பு வெட்டி வெட்டி இழுக்கும். அந்தப் பெற்றோரிடம் சொல்ல எங்களிடம் குணமாக்கும் மருந்து எதுவும் இல்லை. தடுக்க மட்டும் வழியுண்டு: தட்டம்மை-ரூபெல்லா ஊசி, ஒன்பது மாதம் முடிந்ததும் ஒன்று, 16 முதல் 24 மாதத்துக்குள் இன்னொன்று. அந்த இரண்டாவது ஊசியைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். தடுப்பூசி அட்டையை இன்றே எடுத்துப் பாருங்கள். விட்டுப்போயிருந்தால் வரும் புதன்கிழமை துணை சுகாதார நிலையத்துக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போங்கள். காசு கேட்க மாட்டார்கள்.