டிராக்டருக்குப் பின்புறச் சுமைப்பெட்டி: தேர்ந்தெடுப்பது எப்படி?

நான்கைந்து உர மூட்டைகள், நாற்றுக் கட்டுகள், காய்கறிக் கூடைகள் போன்றவற்றைத் தோட்டத்திற்கும் களத்திற்கும் இடையே கொண்டு செல்வது உழவர்களுக்கு அன்றாட வேலையாகும். இதற்காக ஒவ்வொரு முறையும் டிரெய்லரைப் பூட்டுவதால் நேரம் வீணாகிறது. குறுகலான வண்டிப் பாதையில் டிரெய்லரைத் திருப்பவும் இடமிருப்பதில்லை. இத்தகைய சில்லறைச் சுமைகளுக்கு, டிராக்டரின் பின்னால் கலப்பை மாட்டும் மும்முனை இணைப்பிலேயே மாட்டித் தூக்கிச் செல்லும் சுமைப்பெட்டி மிகவும் ஏற்றது. ஊர்ப் பட்டறையிலேயே இதைச் செய்து கொள்ளலாம்.

ஆனால் பெட்டியின் அளவும் அதில் ஏற்றும் பாரமும் டிராக்டருக்குப் பொருந்தாவிட்டால், முன் சக்கரங்கள் தரையில் பிடிப்பை இழந்துவிடும். ஸ்டியரிங் பேசாது. மேடேறும்போது டிராக்டர் முன்புறம் தூக்கி ஓட்டுபவர் மீதே மல்லாந்து விழவும் கூடும். எனவே பெட்டி வாங்குமுன் கீழ்க்கண்டவற்றை அறிந்து கொள்வது அவசியம்.

பின்பாரம் ஏன் ஆபத்தானது?

மாட்டு வண்டியில் பாரம் ஏற்றியவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. மூட்டைகளைப் பின்னால் தள்ளி அடுக்கினால் நுகத்தடி மேலே எழும்பும். பூட்டாங்கயிறு மாட்டின் கழுத்தை இறுக்கும். டிராக்டரிலும் இதுவே நடக்கிறது. பின் அச்சுக்குப் பின்னால் தொங்கும் சுமை, பின் சக்கரங்களை அழுத்துவதோடு முன் சக்கரங்களைத் தூக்கவும் செய்கிறது.

கலப்பையும் இதே இடத்தில்தானே மாட்டப்படுகிறது என்று கேட்கலாம். உழும்போது கலப்பை மண்ணில் இருக்கிறது. திரும்பும்போதும் வயலுக்குப் போகும்போதும் மட்டுமே அதைத் தூக்குகிறோம். அதன் எடையும் மாறுவதில்லை. சுமைப்பெட்டியோ முழுப் பாரத்துடன் வழி நெடுகத் தொங்கிக் கொண்டே வருகிறது. அதன் எடையும் ஏற்றும் பொருளுக்கு ஏற்ப மாறும்.

எவ்வளவு ஏற்றலாம்?

டிராக்டரின் கையேட்டில் ஹைட்ராலிக் தூக்கும் திறன் 1,200 கிலோ, 1,500 கிலோ என்று குறிக்கப்பட்டிருக்கும். அவ்வளவு எடையையும் பெட்டியில் ஏற்றலாம் என்று எண்ணிவிடக் கூடாது. அது தூக்கும் கரங்களின் பலத்தைக் குறிப்பதேயன்றி, முன் சக்கரங்கள் தரையில் நிற்குமா என்பதைக் குறிப்பதன்று.

பின்னால் சுமை தூக்கிய நிலையிலும், டிராக்டரின் வெற்று எடையில் ஐந்தில் ஒரு பங்காவது முன் சக்கரங்களின் மேல் இருக்க வேண்டும். இதுவே பொதுவான பாதுகாப்பு அளவு.

முன் சக்கரங்களில் எவ்வளவு எடை குறையும் என்பதை எளிதில் கணக்கிடலாம். பெட்டியும் பொருளும் சேர்ந்த எடையை, பின் அச்சிலிருந்து பெட்டியின் நடுப்பகுதி வரை உள்ள தூரத்தால் பெருக்க வேண்டும். வருவதை முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே உள்ள தூரத்தால் வகுக்க வேண்டும்.

உதாரணமாக, 1,800 கிலோ எடையுள்ள ஒரு டிராக்டரை எடுத்துக் கொள்வோம். அதில் 720 கிலோ முன் சக்கரங்களின் மேல் இருக்கிறது. அச்சுகளுக்கு இடையே தூரம் 2 மீட்டர். பெட்டியின் நடுப்பகுதி பின் அச்சிலிருந்து 1.5 மீட்டர் தள்ளி இருக்கிறது.

மொத்தச் சுமை 400 கிலோ எனில், 400-ஐ 1.5-ஆல் பெருக்கி 2-ஆல் வகுக்க 300 கிலோ வரும். முன் சக்கரங்களில் எஞ்சுவது 420 கிலோ. ஐந்தில் ஒரு பங்கான 360 கிலோவை விட இது அதிகமாகையால் பாதகமில்லை. முன்னால் குறையும் 300 கிலோ எங்கும் போய்விடுவதில்லை. பின் சக்கரங்களுக்கு மாறுகிறது. ஆகவே நாம் ஏற்றுவது 400 கிலோவானாலும், பின் டயர்கள் கூடுதலாகத் தாங்குவது 700 கிலோவாகும்.

மொத்தச் சுமை 600 கிலோ எனில், முன்னால் 450 கிலோ குறைந்து 270 கிலோவே எஞ்சும். இது ஆபத்தான நிலை.

இந்த டிராக்டருக்கு உச்ச அளவு 480 கிலோ. பெட்டியே 120 கிலோ இருந்தால் பொருளுக்கு 360 கிலோதான். அதாவது 45 கிலோ யூரியா மூட்டை 8 அல்லது 50 கிலோ டி.ஏ.பி. மூட்டை 7 ஏற்றலாம்.

எடைமேடையில் சோதனை

கணக்குப் போட்டதை எடைமேடையில் சரிபார்த்துக் கொள்வது நல்லது. மேடையும் அதையொட்டிய தரையும் ஒரே மட்டமாக இருக்க வேண்டும். மூன்று எடைகள் தேவை.

1. பெட்டியில்லாமல் முழு டிராக்டரின் எடை.
2. பெட்டியில்லாமல் முன் சக்கரங்களை மட்டும் மேடையில் நிறுத்தி எடுத்த எடை.
3. பெட்டியை மாட்டிச் சுமையுடன் தூக்கிய நிலையில் முன் சக்கரங்களின் எடை.

மூன்றாவது எடை, முதல் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையக் கூடாது. முதலில் பாதிச் சுமையில் பார்த்துவிட்டு, பிறகு சிறிது சிறிதாகக் கூட்டிப் பார்க்கவும். பொருந்தும் அளவு தெரிந்ததும் அதைப் பெட்டியின் பக்கத்தில் பெயிண்டால் எழுதி வைத்தல் வேண்டும். நாளை வேறொருவர் ஓட்டினாலும் அது உதவும்.

பெட்டியின் அளவு

பெட்டி அகலமாக இருக்கலாம். நீளமாகப் பின்னால் நீண்டிருக்கக் கூடாது. மேற்சொன்ன உதாரணத்தில் 1 மீட்டர் நீளப் பெட்டிக்குப் பதில் 1.5 மீட்டர் நீளப் பெட்டி வைத்தால் அதன் நடுப்பகுதி 25 சென்டிமீட்டர் பின்னே போகும். அதே 400 கிலோவுக்கு முன்னால் 300 கிலோ குறைவதற்குப் பதில் 350 கிலோ குறையும். அகலமும் பின் டயர்களின் வெளி விளிம்பைத் தாண்டக் கூடாது.

பக்கப் பலகைகளின் உயரத்திலும் கவனம் தேவை. 1.5 மீட்டர் அகலம், 1 மீட்டர் நீளம், 40 சென்டிமீட்டர் உயரமுள்ள பெட்டியில் காய்ந்த நெல்லை நிரப்பினால் சுமார் 350 கிலோ பிடிக்கும். அதே பெட்டியில் ஈர மணலை நிரப்பினால் 1,000 கிலோவைத் தாண்டிவிடும். ஹைட்ராலிக் நெம்புகோலைத் தூக்கினால் மேலே எழுவது பெட்டியல்ல, முன் சக்கரங்களே. மணல், ஜல்லி, ஈர எரு ஆகியவற்றை எவ்வளவு உயரம் நிரப்பலாம் என்பதற்குப் பெட்டியின் உட்புறம் ஒரு கோடு போட்டுக் கொள்ளவும்.

செய்து வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

• மும்முனை இணைப்பின் பின்கள் டிராக்டருக்குப் பொருந்த வேண்டும். முதல் வகை இணைப்பில் கீழ்ப் பின் 22 மில்லிமீட்டர், மேல் பின் 19 மில்லிமீட்டர். இரண்டாம் வகையில் கீழ்ப் பின் 28, மேல் பின் 25 மில்லிமீட்டர். பெரிய துளையில் சிறிய பின்னை மாட்டி ஓட்டினால் ஆட்டம் கண்டு பின் முறியும்.
• எல்லாப் பின்களுக்கும் பூட்டு ஊசி இருக்க வேண்டும். கம்பியும் ஆணியும் அதற்கு மாற்றாகா.
• கீழ்க் கரங்களின் பக்கச் சங்கிலிகளை இறுக்கி, பெட்டி பக்கவாட்டில் ஆடாமல் செய்ய வேண்டும்.
• பின் விளக்குகளும் பதிவு எண்ணும் மறையக் கூடாது.
• டிராக்டரில் மாட்டிய நிலையில் பெட்டிக்கு வெல்டிங் வைக்கக் கூடாது. கழற்றி வைத்தே செய்ய வேண்டும்.

சிறிய டிராக்டரும் மின் டிராக்டரும்

டிராக்டர் எடை குறையக் குறைய ஏற்றும் அளவும் குறையும். 750 கிலோ எடையுள்ள சிறு டிராக்டரில் முன் எடை 300 கிலோ, அச்சுகளின் இடைத்தூரம் 1.5 மீட்டர், பெட்டியின் நடுப்பகுதி 1.2 மீட்டர் எனக் கொண்டால், பெட்டியோடு சேர்த்து 187 கிலோவே ஏற்றலாம். பெட்டி 60 கிலோ எனில் டி.ஏ.பி. மூட்டை இரண்டோடு நிறுத்த வேண்டும்.

நம் நாட்டில் சோனாலிகா நிறுவனம் 2020-ஆம் ஆண்டு மின் டிராக்டர் ஒன்றை வெளியிட்டது. துர்காப்பூர் மத்திய இயந்திரப் பொறியியல் ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய சிறு மின் டிராக்டர் 2023-இல் அறிமுகமாயிற்று. இவற்றிற்கும் கணக்கு ஒன்றே. பேட்டரி எங்கு வைக்கப்பட்டுள்ளது என்பதைப் பொறுத்து முன் எடை மாறுவதால், அதை விற்பனையாளரிடம் கேட்டறிய வேண்டும். மின் மோட்டார் நின்ற நிலையிலிருந்தே முழு இழுவிசையைத் தருமாதலால், சுமையுடன் புறப்படும்போது நிதானம் தேவை.

ஓட்டும்போது

பெட்டியைத் தரைக்குத் தட்டாத அளவுக்கு மட்டும் தூக்கவும். டிராஃப்ட் கண்ட்ரோலை விட்டுப் பொசிஷன் கண்ட்ரோல் நெம்புகோலையே பயன்படுத்தவும். கனமான மூட்டைகளை டிராக்டரை ஒட்டி அடுக்கவும். சாலையில் இரு பிரேக் மிதிகளையும் இணைத்துக் கொள்ளவும். கிளட்சை மெதுவாக விடவும். செங்குத்தான மேட்டில் பின்னோக்கி ஏறி, முன்னோக்கி இறங்குவது பாதுகாப்பானது. நிறுத்தியதும் பெட்டியைத் தரையில் இறக்கவும். தூக்கிய பெட்டியின் கீழ் எக்காரணம் கொண்டும் நுழையக் கூடாது.

முன் சக்கரம் லேசாகத் தோன்றினால், பானெட்டின் மேல் மணல் மூட்டையைக் கட்டக் கூடாது. பாரத்தைக் குறைக்க வேண்டும். அல்லது டிராக்டர் தயாரிப்பாளர் தரும் முன் எடைகளைப் பொருத்த வேண்டும்.

வேலையாட்களையோ பிள்ளைகளையோ பெட்டியில் ஏற்றவே கூடாது. டிராக்டரில் ஓட்டுபவரைத் தவிர வேறு எவரையும் ஏற்றிச் செல்வதைச் சாலை விதிகள் தடை செய்கின்றன. ஒரு பள்ளத்தில் சக்கரம் இறங்கினாலே பெட்டியில் நிற்பவர் தூக்கி எறியப்படுவார்.

எனவே உழவர்கள் தங்கள் டிராக்டரின் முன் எடையை ஒரு முறை அறிந்து, அதற்குப் பொருந்தும் பெட்டியைத் தேர்ந்தெடுத்து, குறித்த அளவுக்கு மேல் ஏற்றாமல் பயன்படுத்தி, நேரத்தையும் செலவையும் மிச்சப்படுத்தலாம்.