3060 வாங்குவதா, 4060 வாங்குவதா?

பதுளை, பண்டாரவளை, பசறைப் பக்கம் கல்யாண வீடியோ எடிட்டிங், ஆல்பம் டிசைன், வீட்டுப் பிளான் என்று கம்பியூட்டர் வேலைக்குப் போகிறவர்களிடம் ஸ்டூடியோ முதலாளி சீக்கிரமே ஒரு கேள்வி கேட்பார்: "தம்பி, புது கிராபிக்ஸ் கார்ட் ஒன்று போடணும், எது நல்லம்?" விளக்கத்தோடு பதில் சொல்பவருக்கு அந்த ஸ்டூடியோவில் மதிப்பே வேறு. "பெரிய நம்பர் உள்ளதை எடுங்க அண்ணே" என்று சொல்லிவிட்டால் அவருடைய காசும் போகும், உங்கள் பெயரும் கெடும்.

முதலில் பெயரைப் படிக்கப் பழகுங்கள். என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4060 என்பதில் 40 தலைமுறையைச் சொல்கிறது, 60 அந்தத் தலைமுறைக்குள் அதன் தரத்தைச் சொல்கிறது. 3060 வந்தது 2021 பெப்ரவரியில், 4060 வந்தது 2023 ஜூனில். இரண்டின் விவரங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் குழப்பம்தான் வரும். பழைய 3060இல் 3,584 குடா கோர், 12 ஜிபி மெமரி, 192 பிட் பாதை, விநாடிக்கு 360 ஜிபி வேகம். புதிய 4060இல் 3,072 கோர், 8 ஜிபி, 128 பிட், விநாடிக்கு 272 ஜிபி. தாளில் பழையதே ஜெயிக்கிறது. ஆனால் கேம் ஓட்டினால் பெரும்பாலும் 4060 முந்திவிடும். அதன் கடிகார வேகம் அதிகம். சிப்புக்குள்ளேயே இருக்கும் எல்2 கேச் 3 எம்பியிலிருந்து 24 எம்பியாகக் கூடியிருக்கிறது. அடிக்கடி வெளி மெமரிக்கு ஓட வேண்டியதில்லை என்பதால் குறுகிய பாதையும் போதுமாகிவிடுகிறது.

ஆகவே கோர் எண்ணிக்கையை ஒரே தலைமுறைக்குள் மட்டும் ஒப்பிடுங்கள். 2060இல் 1,920 கோர், 3060இல் 3,584. அதற்காக வேகம் இரட்டிப்பாகவில்லை. இடையில் கோரின் அமைப்பும் அதை எண்ணும் முறையும் மாறிவிட்டன.

சரி, முதலாளிக்கு என்ன சொல்வது? ஸ்டூடியோ வேலைக்கு வேகத்தைவிட மெமரிதான் முக்கியம் என்பது என் கட்சி. 4கே வீடியோவில் நாய்ஸ் குறைத்து, கலர் திருத்தி, இரண்டு மூன்று எஃபெக்ட் போட்டால் 8 ஜிபி சீக்கிரம் நிரம்பும். நிரம்பினால் டாவின்சி ரிசால்வ் மெமரி போதாது என்று சொல்லி வேலையை நிறுத்தும். மறுநாள் காலை ரிசப்ஷன் ஹாலில் போட வேண்டிய வீடியோ என்றால் நிலைமையை யோசித்துப் பாருங்கள். பிளெண்டரில் 3டி செய்பவருக்கும் இதே கதை. அதனால் ஸ்டூடியோவுக்கு 12 ஜிபி 3060. ஒரு எச்சரிக்கை: 2022 பிற்பகுதியில் அதே பெயரில் 8 ஜிபி, 128 பிட் 3060 ஒன்றும் வந்தது. அது வேண்டாம்.

வீட்டிலிருந்து வேலை செய்பவருக்கு என் பதில் மாறும். 3060 குடிப்பது 170 வாட், 4060 குடிப்பது 115 வாட். கரண்ட் போனால் 650 விஏ யுபிஎஸ்ஸை நம்பியிருக்கும் தோட்டத்து வீட்டில் இந்த 55 வாட் பெரிய விஷயம். சேவ் பண்ணி மூட நாலு நிமிஷம் கூடக் கிடைத்தாலே போதும். 4060இல் ஏவி1 முறையில் வீடியோவைச் சுருக்கும் வசதியும் உண்டு. யூடியூபுக்கு டேட்டாவில் அப்லோட் செய்பவருக்கு ஃபைல் சிறிதாவதன் அருமை தெரியும்.

ஒரே பெயரில் இரண்டு சரக்கு வருவது 3060க்கு மட்டும் நடந்ததல்ல. ஜிடி 1030 வாங்கினால் ஜிடிடிஆர்5 மெமரியா, டிடிஆர்4 மெமரியா என்று கேளுங்கள். முன்னதன் மெமரி வேகம் விநாடிக்கு 48 ஜிபி, பின்னது வெறும் 16.8. ஜிடிஎக்ஸ் 1060இன் 3 ஜிபி வகையில் மெமரி பாதியானதோடு கோரும் 1,280இலிருந்து 1,152 ஆகக் குறைந்தது. ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 580க்கு 2,304 கோர் இருக்க வேண்டும். 2,048 கோர் உள்ளதும் அதே பெயரில் சந்தையில் சுற்றுகிறது. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி 2022இல் வந்த புதுக் கார்ட்தான், ஆனால் வீடியோவைச் சுருக்கும் என்கோடரே அதில் இல்லை. எடிட்டர் அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

இன்னொரு விஷயம் கடைக்காரர் பலருக்கே தெரியாது. சோனி ஏ7 IV போன்ற கேமராக்களில் 10 பிட் 4:2:2 எச்.265 என்ற வகையில் எடுத்த வீடியோ டைம்லைனில் திக்கித் திணறும். 3060, 4060 இரண்டுமே அதை நேரடியாக விரிக்க மாட்டா. 2025இல் வந்த 5060 விரிக்கும். 11ஆம் தலைமுறைக்குப் பிந்திய இன்டெல் டெஸ்க்டாப் புரொசசரின் உள் கிராபிக்ஸும் விரிக்கும். அதனால் கார்டை மாற்றுவதற்கு முன் புரொசசரின் பெயரைப் பாருங்கள். ஐ5-12400 என்றால் உள் கிராபிக்ஸ் இருக்கிறது, 12400எஃப் என்றால் இல்லை. சில நேரம் பயோஸில் அந்த உள் கிராபிக்ஸை இயக்கிவிட்டாலே முதலாளியின் பிரச்சினை தீர்ந்துவிடும். அன்றைக்கு உங்கள் சம்பளப் பேச்சைத் தொடங்கலாம்.

பாவித்த ஆபிஸ் கம்பியூட்டரில் கார்ட் போடுவதென்றால் பவர் சப்ளையை முதலில் பாருங்கள். பலவற்றில் தனிப் பவர் வயரே வராது. மதர்போர்ட் ஸ்லாட் தருவது 75 வாட் மட்டுமே. அதற்குள் அடங்குபவை 2019இன் ஜிடிஎக்ஸ் 1650, 2024இல் வந்த 70 வாட் ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி போன்ற சில. விலை கட்டுமானால் இரண்டாவதை எடுங்கள். 120 வாட் 1060 மலிவாகக் கிடைக்கிறதே என்று ஆசைப்பட்டால் பவர் சப்ளையும் சேர்த்து மாற்ற வேண்டிவரும். தவிர, 10 வரிசைக் கார்டுகளுக்கான வழக்கமான டிரைவர் 2025 ஒக்டோபரோடு நின்றுவிட்டது. 2028 ஒக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தம் மட்டும்தான்.

பாவித்த கார்டுக்குக் காசு கொடுக்குமுன் ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைத் திறந்து கோர், மெமரி வகை, பிட் மூன்றையும் விவரத் தாளோடு ஒப்பிடுங்கள். பழைய சிப்பில் புதுப் பெயரை எழுதி விற்கும் பல போலிகளை அது காட்டிக்கொடுக்கும். 2022 செப்டெம்பரில் எதீரியம் மைனிங் நின்ற பிறகு, இரவு பகலாக ஓடிய கார்டுகள் உலகெங்கும் பழைய சந்தைக்கு வந்தன. எனவே அரை மணித்தியாலம் முழுச் சுமையில் ஓட்டி, சூட்டையும் விசிறிச் சத்தத்தையும் கவனியுங்கள். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் வாங்கினால் சீரியல் இலக்கத்தைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள்; பழுதானால் அனுப்பும் செலவு யாருடையது என்பதையும் அங்கேயே பேசி முடித்துவிட்டுப் பஸ் ஏறுங்கள்.