வில்லங்கம் பார்த்தாச்சு… அஸ்திவாரம் பார்த்தீங்களா?

மறைமலைநகரில் ஒரு பழைய வீடு பிடித்துவிட்டது. வில்லங்கம், பட்டா எல்லாம் மொபைலிலேயே சரிபார்த்தாச்சு. ஆனால் ஜன்னல் மூலையில் ஒரு விரிசல். "பூச்சு விரிசல்தாங்க, பெயின்ட் அடிச்சா சரியாயிடும்" என்கிறார் தரகர். நம்பலாமா?

விரிசலைப் படியுங்கள்

தலைமுடி போன்ற மெல்லிய விரிசல் பெரும்பாலும் பூச்சோடு நின்றுவிடும். ஜன்னல், கதவு மூலையிலிருந்து சாய்வாகவோ படிக்கட்டு போலவோ ஓடி, சுவரின் இருபுறமும் தெரிந்தால் அஸ்திவாரம் ஒரு பக்கம் இறங்கியிருக்கலாம். 5 மி.மீ.க்கு மேல் அகலம், சிக்கும் கதவு, சாய்ந்த தரை ஆகியவை சேர்ந்திருந்தால் அலட்சியம் வேண்டாம்.

மண்ணையும் பாருங்கள்

செங்கல்பட்டு ஏரிகள் நிறைந்த மாவட்டம். களிமண் மழையில் உப்பும், கோடையில் சுருங்கும். மேலே இருக்கும் சுவர் வெடிக்கும். சுற்றுக் கிராமங்களில் வாங்குபவர்கள் 'எங்கிருந்தும் எந்நேரமும்' இணையச் சேவையில் அ-பதிவேட்டைப் பார்க்கலாம். நிலம் 'நஞ்சை' என்றிருந்தால் எவ்வளவு மண் கொட்டி மேடாக்கினார்கள் என்று கேளுங்கள்.

முன்பணம் தருவதற்கு முன்

1. விரிசல் பக்கத்தில் ஸ்கேல் வைத்து, தேதியோடு போட்டோ எடுங்கள்.

2. விற்பவருக்கு வேண்டியவராக இல்லாத கட்டமைப்புப் பொறியாளரை நீங்களே அழைத்துச் செல்லுங்கள். தேவைப்பட்டால், உரிமையாளர் அனுமதியோடு, சுவரோரம் சிறு குழி தோண்டி அஸ்திவார ஆழத்தைப் பார்ப்பார்.

3. காரணம், சரிசெய்யும் முறை, செலவு மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள்.

4. "பொறியாளர் அறிக்கை திருப்தியில்லை என்றால் முன்பணம் முழுதும் திரும்பத் தரப்படும்" என்ற வரியைக் கிரய ஒப்பந்தத்தில் சேருங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டம், பிரிவு 55-இன்படி, தனக்குத் தெரிந்த, சாதாரணக் கவனத்தில் வாங்குபவர் கண்ணுக்குப் படாத முக்கியக் குறையை விற்பவர் சொல்லியாக வேண்டும். கண்ணெதிரே தெரியும் விரிசலுக்கு இந்தப் பாதுகாப்பை நம்ப முடியாது. ரெராவில் பதிவான புதிய குடியிருப்பு என்றால், வீட்டை ஒப்படைத்த 5 ஆண்டுக்குள் சுட்டிக்காட்டும் கட்டமைப்புக் குறையை, கட்டுநர் 30 நாளில் இலவசமாகச் சரிசெய்ய வேண்டும். தனிநபரிடம் வாங்கும் பழைய வீட்டுக்கு இது கிடையாது.

புதுக் கட்டடம் என்றாலும் கவனம் தேவை. 2014 ஜூன் 28-இல் மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடமே சரிந்து 61 பேர் இறந்தார்கள்.

விரிசல் உள்ள வீட்டை வாங்கவே கூடாது என்றில்லை. செலவு தெரிந்தால் விலையைக் குறைத்துப் பேசலாம். காரணமே தெரியவில்லை என்றால், பத்திரப் பதிவுக்கு அவசரப்படாதீங்க.