அம்மாவின் குளிசைகள்

கேள்வி: டென்மார்க்கின் ஸ்கீவவில் எங்களோடு இருக்கும் அம்மாவுக்கு 74 வயது. நீரிழிவு, பிரஷர், சிறுநீரகக் குறைபாடு, மூட்டுவலி. தினமும் 11 குளிசைகள். சிலவற்றை நிறுத்தலாமா?

பதில்: குறைக்க வழி இருக்கலாம். ஆனால் நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள். பீட்டா பிளாக்கர் வகைப் பிரஷர் மருந்தைத் திடீரென்று விட்டால் இதயத்துக்கே ஆபத்து. குடும்ப மருத்துவரிடம், மருந்துகளை முழுமையாகப் பார்ப்பதற்கென்றே தனியாக நேரம் கேளுங்கள்.

டென்மார்க்கில் மருத்துவர் எழுதும் மருந்துகள் பொது மருந்து அட்டையில் பதிவாகும். குடும்ப மருத்துவரும் மருத்துவமனையும் அதையே பார்க்கிறார்கள். ஊரிலிருந்து வந்த சூரணமும் கடையில் வாங்கிய வலிக் குளிசையும் அதில் இருக்காது. எனக்குப் பெரிய கவலை அந்த வலிக் குளிசைதான். ஐபுபுரூஃபன் சிறிய பெட்டியாகச் சீட்டில்லாமலே கிடைக்கிறது. சில பிரஷர் மருந்துகளோடும், நீர் போகக் கொடுக்கும் குளிசையோடும் அது சேர்ந்தால், ஏற்கெனவே தளர்ந்த சிறுநீரகம் மேலும் கெடலாம். நீரிழிவுக்கு மெட்ஃபோர்மின் எடுக்கிறாரென்றால் அதைப் பற்றியும் கேளுங்கள்: சிறுநீரகம் வடிகட்டும் அளவு 45-க்குக் கீழே போனால் மருந்தின் அளவைக் குறைப்பார்கள், 30-க்குக் கீழே நிறுத்துவார்கள்.

எனவே வீட்டிலுள்ள எல்லாவற்றையும் பையில் போட்டுக் கொண்டுபோங்கள், பாகற்காய்ச் சாறு குடித்தால் அதையும் சொல்லுங்கள். அதுவும் சீனியை இறக்கக்கூடும். எழும்பும்போது தலை சுற்றுகிறதா, அண்மையில் விழுந்தாரா, எந்தக் குளிசையை அவர் ரகசியமாக விட்டுவிடுகிறார் என்பதை அம்மாவிடமே, பொறுமையாக, போவதற்கு முதல் நாளே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.