ஷாம்பெயின் நுரை மதுவுக்கு ஏற்ற திராட்சை இரகங்கள்

பிரான்சு நாட்டின் வடகிழக்கே ரீம்ஸ், எப்பர்னே நகரங்களைச் சுற்றியுள்ள பகுதியே ஷாம்பெயின். உலகப் புகழ் பெற்ற நுரை மதுவுக்கு இவ்வூர்ப் பெயரே பெயராயிற்று. சுமார் 34,000 எக்டரில் இங்கு திராட்சை பயிராகிறது. அதில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு, மது நிறுவனங்களிடம் இல்லை. சிறு சிறு துண்டுகளாக விவசாயிகளின் கையில் உள்ளது.

திராட்சைக்கு இது எல்லைப்புறமான குளிர்ப் பகுதி. பழத்தில் சர்க்கரை குறைவாகவும் புளிப்பு மிகுதியாகவும் இருக்கும். சாதாரண மதுவுக்கு இது குறை. நுரை மதுவுக்கோ இந்தப் புளிப்பே உயிர். ஆனால் வசந்த காலத்தில் பெய்யும் உறைபனி ஓரிரவில் துளிர்களைக் கருக்கிவிடும். ஆகவே ஒரே இரகத்தை நம்பி இங்கு எவரும் இருப்பதில்லை.

முக்கிய இரகங்கள் மூன்று. பினோ நுவார் கறுப்புத் திராட்சை. மதுவுக்குத் திடமும் சாரமும் தருவது. மெனியே இரகமும் கறுப்பே. இதன் இலையின் அடிப்புறம் மாவு தூவியது போல வெளுத்திருப்பதால், மாவு அரைப்பவர் என்னும் பொருளில் இப்பெயர் வந்தது. இது தாமதமாகத் துளிர்ப்பதால் உறைபனிக்குத் தப்புகிறது. மார்ன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் இதை விரும்பி நடுவதற்குக் காரணம் இதுவே. மதுவுக்குப் பழமணத்தைத் தருவதும் இதுதான். மூன்றாவதான ஷார்டொனே வெள்ளை இரகம். சுண்ணாம்புப் பாறை மண்ணில் சிறந்து வளரும். மெல்லிய மணமும், நெடுநாள் கெடாமல் நிற்கும் தன்மையும் தரும்.

கறுப்புப் பழத்திலிருந்து வெள்ளை மது எப்படி வரும் என்று நீங்கள் கேட்கலாம். நிறம் தோலில்தான் உள்ளது, சாறு வெளுப்பே. அதனால் அறுவடைக்கு இயந்திரம் கூடாது. கொத்துக்களைக் கையால் முழுதாக வெட்டி, தோல் நசுங்காமல் கொண்டுவந்து மெதுவாகப் பிழிய வேண்டும். 4,000 கிலோ பழத்திற்கு 2,550 லிட்டர் சாறே எடுக்கலாம் என்பது விதி. அதற்கு மேல் பிழிந்தால் தோலின் நிறமும் துவர்ப்பும் இறங்கிவிடும்.

ஒவ்வொரு தோட்டத்துச் சாறும் தனித்தனியே நொதித்தபின், அடுத்த வசந்தத்தில் கலப்பு நடக்கிறது. பழைய ஆண்டுகளின் மதுவையும் இருப்பில் வைத்திருந்து சேர்ப்பார்கள். மகசூல் கெட்ட ஆண்டின் குறையை நல்ல ஆண்டின் சரக்கு ஈடு செய்கிறது. பிறகு சர்க்கரையும் ஈஸ்டும் சேர்த்துப் புட்டியில் அடைக்க, உள்ளேயே மீண்டும் நொதிக்கிறது. வெளியேற வழியில்லாத கரியமில வாயு மதுவில் கரைந்து, திறக்கும்போது நுரைக்கிறது. புட்டிக்குள் சுமார் 6 வளிமண்டல அழுத்தம். கார் டயரின் அழுத்தத்தைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு! தடித்த கண்ணாடி இல்லாவிட்டால் புட்டி வெடித்துவிடும். குறைந்தது 15 மாதம் நிலவறையில் கிடந்த பின்பே விற்பனைக்கு வருகிறது.

இந்தப் பெயரைக் காக்க அங்குள்ள விவசாயிகள் பட்ட பாடு கொஞ்சமல்ல. 1910-இல் விளைச்சல் அடியோடு வீழ்ந்தது. சில வணிகர்களோ வெளி மாவட்டத் திராட்சையை மலிவாக வாங்கி ஷாம்பெயின் என்று விற்றனர். 1911 ஜனவரியில் விவசாயிகள் வெளியூர்ச் சரக்கை ஆற்றில் கொட்டினர். ஏப்ரலில் அய் என்ற ஊரில் வணிகர் மாளிகைகள் எரிந்தன, இராணுவம் வந்தது. 1927-இல் சட்டம் இயற்றி, எந்தெந்த ஊர்கள், எந்தெந்த இரகங்கள் என்று வரையறுத்த பிறகே வழக்கு ஓய்ந்தது. நமது கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் கிடைத்த புவிசார் குறியீடும் இதே வகைப் பாதுகாப்புதான்.

இன்று அங்கு எக்டருக்கு எத்தனை கிலோ அறுவடை செய்யலாம் என்பதை விவசாயிகளும் நிறுவனங்களும் ஆண்டுதோறும் கூடி முடிவு செய்கின்றனர். கொடி நிறையக் காய்த்தாலும், அந்த அளவை மீறிய பழம் ஷாம்பெயின் என்ற பெயரில் விற்பனைக்குப் போகாது.