முதலில் காது, பிறகு கை

அன்புள்ள மருமகனுக்கு,

கிற்றாருக்கான புது வால்வு அம்ப் குருக்கள்மடம் வந்து சேர்ந்த சந்தோசமும், அது இரைகிறது என்ற கவலையும் உன் ஒரே கடிதத்தில் இருந்தன. "மாமா, வால்வுகளை எல்லாம் மாற்றிவிடவா?" என்று கேட்டிருந்தாய். பொறு மனே. ஒன்றையும் கழற்றாதே. முதலில் காதைக் கொடு.

கல்லடிப் பாலத்தடியில் நிலாக்காலத்தில் தோணியில் போகிறவர்கள், துடுப்பின் ஒரு முனையை வாவிக்குள் விட்டு மறுமுனையைக் காதில் வைத்து மீன்பாட்டைக் கேட்பார்கள் என்று உனக்குத் தெரியும். அம்ப் திருத்துகிறவனுக்கும் அந்தப் பொறுமை வேண்டும். ஓசை எங்கிருந்து வருகிறது என்று கேட்டறிந்தால் பாதி வேலை முடிந்தது.

நான் இளந்தாரியாய் இருந்த காலத்தில், வால்வு றேடியோ ஒன்றில் ஒரே மாலையில் மூன்று உறுப்புகளை மாற்றினேன். இரைச்சல் நின்றது. ஆனால் மூன்றில் எது பழுது என்று எனக்குத் தெரியாது. சில மாதங்களில் அதே இரைச்சல் திரும்பி வந்தபோது, தொடங்கிய இடத்திலேயே நின்றேன். அன்று முதல் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுகிறேன். மாற்றியதை உடனே கொப்பியில் எழுதுகிறேன். நீயும் ஒரு கொப்பி எடு.

தொடங்குமுன் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். வால்வு அம்பின் உள்ளே 300, 400 வோல்ற்றும் அதற்கு மேலும் இருக்கலாம். பிளக்கைக் கழற்றிய பிறகும் கொள்ளளவிகள் அந்த மின்னைப் பிடித்து வைத்திருக்கும். ஆகவே பெட்டியின் அடித்தகட்டை நீ திறக்கவே கூடாது. பிளக்கின் மூன்றாவது ஊசியான ஏர்த்தை, இரைச்சல் போகும் என்று யார் சொன்னாலும் துண்டிக்காதே. ஸ்பீக்கர் வயர் செருகப்படாமல் அம்பைப் போடாதே; வெளியீட்டு நிலைமாற்றி எரிந்துபோகலாம். பின்புறத்தில் 230 வோல்ற் என்று எழுதியிருக்கிறதா, ஸ்பீக்கரின் ஓம் அளவு ஜாக்கில் எழுதியிருப்பதோடு பொருந்துகிறதா என்றும் பார். வால்வின் உள்தகடு நெருப்புப்போல் சிவந்தாலோ பியூஸ் திரும்பத் திரும்பப் போனாலோ உடனே நிறுத்து. புது அம்புக்கு உத்தரவாதம் இருக்கும். விற்ற கடைக்கே கொண்டுபோ.

இனிச் சோதனை. கிற்றார் வயரை அம்பிலிருந்து கழற்று. இரைச்சல் போய்விட்டதா? அப்படியானால் பழி அம்பில் இல்லை. வயரையும் கிற்றாரையும் பார். ஒற்றைச் சுருள் பிக்கப் உள்ள கிற்றார் வீட்டின் மின்காந்த இரைச்சலை எல்லாம் பிடிக்கும். நின்ற இடத்தில் மெல்லத் திரும்பிப் பார். ஒரு திசையில் இரைச்சல் குறையும். விசிறி ரெகுலேற்றரையும் போன் சார்ஜரையும் ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்.

வயர் கழற்றியும் இரைந்தால், வொலியூமைப் பூச்சியத்துக்குக் கொண்டுவா. இரைச்சல் அடங்கினால் பழுது வொலியூமுக்கு முன்னால், சின்ன வால்வுகளின் பக்கம். அடங்காவிட்டால் அதற்குப் பின்னால், பவர் பக்கம். ஒரு குமிழைத் திருப்பியதில் பெட்டியில் பாதியைச் சந்தேகத்திலிருந்து நீக்கிவிட்டாய்.

அடுத்தது எனக்கு மிகப் பிடித்த சோதனை. நம் நாட்டு ஆடலோட்டத்தின் மீடிறன் 50 ஹேர்ட்ஸ். சீராக்கி அலையின் இரு பாதிகளையும் நேரோட்டமாக்குவதால், அதற்குப் பின் எஞ்சும் இரைச்சல் 100 ஹேர்ட்ஸ். கிற்றாரைச் சுதி சேர்த்து, வயர் இல்லாமலே, ஆறாம் தந்தியை மூன்றாம் ஃப்ரெற்றில் அழுத்தி மீட்டு. அது 98 ஹேர்ட்ஸ். இரைச்சல் அந்தச் சுரத்தோடு ஒட்டி நின்றால், மின்வழங்கற் பக்கத்துக் கொள்ளளவிகளின் மேல் சந்தேகம் வை. அதற்கு ஒரு ஸ்தாயி கீழே உறுமினால், பெரும்பாலும் வால்வைச் சூடாக்கும் இழையின் வயரோ ஏர்த் இணைப்போ காரணம். திருத்துகிறவரிடம் இதைச் சொன்னால் அவருடைய அரைநாள் வேலை மிச்சம்.

காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலானந்தர் விஞ்ஞானமும் படித்தவர். தந்தியில் பிறக்கும் சுரங்களை எண்களாகக் கணக்கிட்டு ஆராய்ந்த அவருடைய 'யாழ் நூல்' 1947இல் வெளிவந்தது. சுரத்தை எண்ணாகவும் கேட்கும் வழக்கம் நம் கரைக்குப் புதிதல்ல மனே.

'டிங்' என்று மணிபோல் அதிர்கிறதா? வொலியூமைச் சற்றுத் திறந்து, பென்சிலின் மரமுனையால் ஒவ்வொரு சின்ன வால்வையும் மெதுவாகத் தட்டு. முதல் வால்வில் கொஞ்சம் ஒலி கேட்பது இயல்பு. கிண்ணென்று நீண்டு ஒலிப்பதையே மாற்று. 'கரகர' என்றால் வேறு காரணம். கிழக்கே கடல், மேற்கே வாவி. உங்கள் ஊர்க் காற்றில் உப்பு எப்போதும் உண்டு. அது வால்வின் ஊசிகளிலும் ஜாக்குகளிலும் களிம்பு பிடிக்கச் செய்யும். அம்பை நிறுத்தி, நன்றாக ஆறவிட்டு, வால்வை நேராக இழுத்து இரண்டு மூன்று தரம் செருகி எடு. வயரையும் ஜாக்கில் அப்படியே செய். பல 'கரகர'க்கள் இதோடு தீரும். ஓய்வில் இருக்கும்போது அம்பைத் துணியால் மூடி வை.

இரைச்சல் போனபின் இனிமைக்கு வா. 1962இல் இலண்டனில் ஜிம் மார்ஷலின் கடைக்காரர்கள் ஃபெண்டர் பாஸ்மன் அம்பின் சுற்றைப் பார்த்துத் தங்கள் முதல் அம்பைக் கட்டினார்கள். சுற்று ஏறக்குறைய அதேதான். முதல் வால்வு 12ஏவை7 இருந்த இடத்தில் ஈசிசி83 வந்தது. பத்து அங்குல ஸ்பீக்கர்கள் இருந்த இடத்தில் மூடிய பெட்டிக்குள் பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர்கள் வந்தன. குரலே வேறாகிவிட்டது. உன் அம்ப் அளவுக்கு மீறிச் சீறினால், நீ அதை எதிர்த்திசையில் செய்யலாம்: முதல் ஈசிசி83ஐ எடுத்துவிட்டு 5751 போடு. ஒலிபெருக்கும் அளவு 100இலிருந்து 70 ஆகும், சத்தம் மென்மையாகும். பெரிய பவர் வால்வுகளை மட்டும் நீயாக மாற்றாதே. பல அம்புகளில் அவற்றுக்குப் பயஸ் என்ற மின்னளவை அளந்து வைக்க வேண்டும்.

காசு செலவில்லாத வழி இன்னும் நல்லது. சீமெந்துத் தரையில் வைத்த அம்பில் பேஸ் குமுறும். கதிரையில் தூக்கி வை. ஸ்பீக்கரின் கூரிய ஒலி நேராகப் போவது. உன் முழங்காலுக்குப் போகும் சத்தத்தைக் காது எப்படி அறியும்? முகத்துக்குச் சாய்த்து வை. வொலியூம் ஏற ஏறப் பேஸைக் குறை. புது ஸ்பீக்கர் விறைப்பாக இருக்கும்; பல மணிநேரம் வாசித்தால்தான் இளகும். அதற்குள் அதன் குரலைப் பற்றித் தீர்ப்புச் சொல்லாதே.

இனி நீ எனக்கு எழுத வேண்டியது மூன்று வரிதான்: வயர் கழற்றியபோது என்ன நடந்தது, வொலியூம் பூச்சியத்தில் என்ன கேட்டது, மூன்றாம் ஃப்ரெற்றோடு ஒட்டியதா, கீழே நின்றதா. அந்த மூன்று வரி வந்தால், எதைத் தொடலாம் என்று இங்கிருந்தே சொல்வேன்.

அன்புடன்,
மாமா